காருக்கு ஜிகினா அடிப்பது எப்படி?

தொடங்கும் முன் ஒரு சின்னத் தகுதித் தேர்வு. "ஃப்ளேக் வேணும், ஆனா ரொம்பப் பளபளன்னு வேணாம், வெயில்ல பார்த்தா லேசாத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். உங்களை நம்பித்தான் கார் கம்பெனிகள் ஒரே சாம்பல் நிறத்தை வருஷா வருஷம் பெயர் மாற்றி விற்றுக்கொண்டிருக்கின்றன. அந்தப் பெயின்டிலும் அலுமினியத் துகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் தலைமுடியின் பருமனைவிடச் சிறியது, தனித்தனியாகக் கண்ணில் படாது. அடக்கம், கௌரவம், மறுபடி விற்கும்போது நல்ல விலை என்று எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது.

நாம் பேசப்போவது ஃப்ளேக் என்னும் ஜிகினாத் துகள், வேறு ரகச் சரக்கு. இதில் ஒவ்வொரு துகளும் தனியாகத் தெரிய வேண்டும். கார் தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்க வேண்டும். அரைகுறையாக மினுங்குவதைவிட மினுங்காமலே இருந்துவிடலாம் என்பது இந்த வழிகாட்டியின் கொள்கை. கொள்கையில் உடன்பாடு உள்ளவர்கள் மட்டும் மேலே வாருங்கள்.

வேலை நடக்கும் இடம் லாஸ் ஏஞ்சலஸ். கார், 1964 செவர்லே இம்பாலா. ஏன், சென்னையிலேயே அடிக்கக் கூடாதா என்பவர்கள் ஆர்.சி. புத்தகத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கவும். அதில் நிறம் என்று ஓர் இடம் இருக்கிறது. வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் அதையும் மாற்ற வேண்டும். "அடியில் தங்க ஜிகினா, மேலே ஊதாக் கேண்டி, கூரையில் லேஸ் வேலைப்பாடு, பக்கவாட்டில் ரோஜாப்பூ" என்று எழுத அந்தக் கட்டம் போதாது. எழுதப்போகும் குமாஸ்தாவின் முகத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரக்கு எங்கிருந்து வருகிறது

டப்பாவைத் திறந்ததும் உலோகப் பொடி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது பாலியெஸ்டர் படலம். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவிட்டு, சாயப் பூச்சு ஏற்றி, பொடிப்பொடியாக நறுக்கியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் அறுகோணமாகவோ சதுரமாகவோ இருக்கும். இதே மாதிரிப் படலத்தை நூல் அகலத்துக்கு நீளநீளமாகக் கீறினால் அது ஜரிகை. வெள்ளி இழையில் பொன்முலாம் பூசிய காஞ்சிபுரத்து அசலைச் சொல்லவில்லை; விலை குறைந்த புடவைகளில் வருகிற பிளாஸ்டிக் ஜரிகை.

இந்த உறவு தற்செயலாக ஏற்பட்டதும் இல்லை. ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் டோபெக்மன் என்றொரு கம்பெனி இருந்தது. 1946இல் லுரெக்ஸ் என்ற மினுங்கு நூலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அதுதான். ஐம்பதுகளின் பிற்பாதியில் டௌ கெமிக்கல் அதை வாங்கிக்கொண்டது. அந்த டோபெக்மன் பிரிவிலிருந்துதான் மெட்டல்ஃப்ளேக் என்ற பெயரில் இந்தத் துகள் வெளியே வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அது கலிஃபோர்னியாவின் கஸ்டம் கார் பட்டறைகளை எட்டியது. ஆக, கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் புடவைக்கரையும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஊர்ந்துபோகும் இம்பாலாவின் கூரையும் ஒரே குடும்பம். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அடக்கம் என்ற சொல்லையே கேள்விப்படாத மனிதர்கள் கையில் அது போய்ச் சேர்ந்தது அதன் அதிர்ஷ்டம். லின்வுட்டில் கடை வைத்திருந்த ஜார்ஜ் பாரிஸ் 'கஸ்டம்' என்பதைக்கூட ஊர் எழுதுகிற மாதிரி 'சி'யில் தொடங்காமல் 'கே'யில் தொடங்கிப் பலகை எழுதியவர். வடக்கே ஜோ பெய்லன் ஏற்கனவே கேண்டி ஆப்பிள் சிவப்பைப் பிடித்திருந்தார். கேண்டி என்றால் ஒளி ஊடுருவும் சாயம். தங்கம் அல்லது வெள்ளி அடிநிறத்தின்மேல் அதை மெல்லிசாகப் பல கோட் அடித்தால் நிறம் உள்ளேயிருந்து எரிகிற மாதிரி தெரியும். அடிநிறம் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளேக்கைப் போட்டு, மேலே கேண்டியை அடித்தால் என்ன ஆகும் என்று யாருக்காவது தோன்றாமல் இருக்குமா? தோன்றியது. பெல்ஃப்ளவரில் லாரி வாட்சன், மினியாபொலிஸில் ஹவுஸ் ஆஃப் கலர் தொடங்கிய ஜான் கோஸ்மோஸ்கி என்று ஒரு தலைமுறையே அந்தப் பக்கம் சாய்ந்தது.

எந்த அளவு வாங்குவது

ஃப்ளேக்கை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் விற்பார்கள். 0.004 என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 0.008 அதற்கு இரட்டிப்பு. 0.015 கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். அதற்கு மேலும் உண்டு.

0.004 வாங்குகிறவர்கள் தகுதித் தேர்வில் காப்பியடித்துப் பாஸானவர்கள். பெரும்பாலான பட்டறைகள் 0.008இல் நிற்கும், அடிக்கவும் சுலபம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் போட்டு மூடவும் சுலபம். 0.015 அடித்தவருக்குக் கிளியர் வாங்கியே கை காய்ந்துவிடும். ஆனால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் துகள் துகளாகத் தெரிவது அதுதான். அறுபதுகளில் அடித்ததும் அப்படித்தான். என் ஓட்டு 0.015க்கு. கிளியருக்குப் பணம் கொடுக்கப்போவது நீங்கள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

சிக்கனம் பார்க்கிறேன் என்று குழந்தைகளின் கைவேலைக் கடையில் கிளிட்டர் வாங்காதீர்கள். வாழ்த்து அட்டைக்குச் செய்த மலிவான கிளிட்டருக்குத் தின்னரைத் தாங்கும் சக்தி கிடையாது. பெயின்ட் கப்புக்குள் போனதும் சாயம் கரைந்து வரும், துகள் சுருளும். தங்கம் என்று ஊற்றியது வெள்ளியாக வெளியே வரும். வெயிலில் நின்றால் மிச்சமும் வெளுக்கும். கரைப்பானையும் வெயிலையும் தாங்கும் என்று எழுதிய ஃப்ளேக்கை மட்டும் வாங்குங்கள்.

படி ஒன்று: ஒடுக்கு எடுப்பது

ஃப்ளேக் அடித்தால் உடம்பில் இருக்கும் குறையெல்லாம் மறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. சின்னச் சின்னக் கீறல்களை அது மறைக்கும் என்பது உண்மை. அந்த அரை உண்மையை நம்பித்தான் பலபேர் மோசம் போயிருக்கிறார்கள். ஃப்ளேக்குக்கு மேலே கனமாகக் கிளியர் வரப்போகிறது. கண்ணாடி ஆகப்போகும் அந்தப் பரப்பில் தெருவிளக்கும் மின்கம்பமும் பிரதிபலிக்கும். கதவு அலை அலையாக இருந்தால் மின்கம்பம் நெளியும். போகிற வருகிற எல்லோரையும் நின்று பார்க்க வைப்பதற்காக லட்சக்கணக்கில் செலவழித்து, அவர்கள் வந்து நின்றதும் நெளிந்த மின்கம்பத்தைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே பழைய பெயின்டைத் தகரம் தெரியச் சுரண்டி எடுங்கள். துருப்பிடித்த இடத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்துப் பற்றவையுங்கள். ஒடுக்கைத் தட்டி நிமிர்த்துங்கள். பட்டி பாருங்கள். காய்ந்ததும் நீளக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். 80ஆம் நம்பரில் தொடங்கி, 180, 320 என்று மேலே போங்கள். வெறும் கையால் தேய்த்தால் விரல் அழுத்திய இடமெல்லாம் பள்ளமாகிவிடும், கட்டை வேண்டும். இம்பாலாவின் நீளம் பதினேழரை அடி, இரண்டு பக்கம். தோள்பட்டைக்கு நல்ல தைலமாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி ஒன்று (தொடர்ச்சி)

பிரைமர் அடியுங்கள். அதன்மேல் மெல்லிசாகக் கறுப்புப் பொடியைத் தூவித் தடவுங்கள். மறுபடி கட்டையால் தேயுங்கள். மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். நேற்று வழவழவென்று தடவிப் பார்த்துப் பெருமைப்பட்ட கதவு முழுக்கக் கரும்புள்ளிகளாக நிற்கும். உள்ளே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து, பட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்.

படி ஒன்று (இன்னமும்)

கதவு, பானட், டிக்கி எல்லாவற்றின் இடைவெளிகளையும் இப்போதே சரிபாருங்கள். வழக்கமான கம்பெனிப் பெயின்ட் அடி முதல் நுனி வரை சேர்ந்தே 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். நீங்கள் ஏற்றப்போவது அதைப்போல் பல மடங்கு. கதவு விளிம்பில் ஒரு கனம், எதிரே ஃபெண்டர் விளிம்பில் ஒரு கனம். இடைவெளி நெருக்கமாக இருந்தால், எல்லாம் முடிந்து ஊரைக் கூட்டிக் காட்டும் நாளில் முதல் தடவையாகக் கதவைத் திறக்கும்போது 'டக்' என்று விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து விழும்.

பெயின்டரிடம் வேலையைக் கொடுத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அடிக்கடி போன் செய்வார்கள். "எப்ப முடியும்?" "முடிஞ்சதும் சொல்றேன்." உலகத்தின் எல்லா மொழிகளிலும் பட்டறைக்காரர் சொல்லும் பதில் இது ஒன்றுதான். இந்தத் தொழிலில் அது பொய்யும் இல்லை.

நடுவில் ஒரு விஷயம், இதில் கிண்டல் இல்லை

இப்போது பயன்படும் கிளியர் கோட்டுகளில் பெரும்பாலானவை ஹார்டனர் கலந்து அடிப்பவை. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வருவதற்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று. உடம்புக்கு ஒருமுறை அதனிடம் ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு முட்டும். வாசனை தெரிகிறதா என்று பார்த்து எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம் என்பதும் நடக்காது. ஆபத்தான அளவிலும் அது மூக்குக்குத் தெரியாமல் போகலாம். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது தற்கொலைக்கு ஒத்திகை. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி, கையுறை, முழு உடல் கவசம், காற்றை இழுத்து வடிகட்டி வெளியேற்றும் பூத் ஆகியவை வேண்டும்.

அது போதாதென்று, தெற்குக் கலிஃபோர்னியாவின் காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் கார் பெயின்டிலிருந்து ஆவியாகும் கரைப்பான்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. அது விதி 1151. வீட்டு கராஜில் வைத்து அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். பூத்தை நாள் வாடகைக்கு விடும் பட்டறையைத் தேடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டு இந்தக் கட்டுரையை வேடிக்கையாகப் படியுங்கள்.

படி இரண்டு: அடிநிறம்

ஒரு வழியாக இரண்டுக்கு வந்துவிட்டோம். இது சீக்கிரம் முடியும். தங்க ஃப்ளேக்குக்கு அடியில் தங்க நிறம், வெள்ளிக்கு வெள்ளி, சிவப்புக்குச் சிவப்பு அடியுங்கள். எத்தனை கோட் அடித்தாலும் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இண்டு இடுக்கு இருக்கத்தான் செய்யும். அடியில் வெள்ளை பிரைமர் இருந்தால் அது பல்லைக் காட்டிவிடும். அடியில் கறுப்பை வைத்து மேலே நீல ஃப்ளேக்கைப் போட்டு ஆழம் காட்டுகிறவர்களும் உண்டு. அழகுதான். ஆனால் எங்கே துகள் குறைந்தது என்பதை அந்தக் கறுப்பு ஊருக்கே சொல்லிவிடும். முதல் தடவை அடிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி மூன்று: கன்னைப் பிடிப்பது

ஃப்ளேக்கைத் தனியாகத் தூவ முடியாது. நிறமில்லாத பைண்டரில் கலந்து அடிக்க வேண்டும். சாதாரண ஸ்ப்ரே கன்னின் துவாரத்தில் 0.015 அடைத்துக்கொள்ளும். 1.8 அல்லது 2 மில்லிமீட்டர், அதற்கும் பெரிய நாசில் போடுங்கள். கப்புக்குள் இருக்கும் சல்லடையைக் கழற்றி வையுங்கள். கழற்ற மறந்தால், வெறும் பைண்டர் மட்டும் காருக்குப் போகும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஃப்ளேக் முழுவதும் சல்லடையில் பத்திரமாகத் தங்கியிருக்கும்.

கலக்கிய ஒரு நிமிஷத்தில் துகள் அடியில் போய்ப் படுத்துவிடும். அதனால் கப்புக்குள் இரண்டு மூன்று எஃகுக் குண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே மணிக்கட்டால் ஆட்டிக்கொண்டே இருங்கள். போன் வந்தால் எடுக்காதீர்கள். யாராவது கதவைத் தட்டினால் ஆட்டிக்கொண்டே கத்துங்கள். ஆட்டுவதை நிறுத்தினால் முதல் பாதிக் கதவு வெறுமையாகவும் கடைசிப் பாதி மண்மேடாகவும் வரும்.

ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் பாதியை மூட வேண்டும். ஒரு கோட் குறுக்காக என்றால் அடுத்தது நெடுக்காக. கன்னைத் தகரத்துக்கு நேராகப் பிடித்து, தோளோடு சேர்ந்து நகருங்கள். மணிக்கட்டை மட்டும் விசிறினால் நடுவில் அடர்த்தியும் ஓரத்தில் பஞ்சமுமாக வரிவரியாக விழும். பட்டறையில் இதற்குப் பெயர் புலி வரி. நேரே நின்று பார்த்தால் புலி தெரியாது, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பாயும். கிளியர் போடும் முன் குனிந்து பார்ப்பது நல்லது. போட்ட பிறகு குனிவது வீண் வேலை. அப்போது மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஈரம். தகரத்தில் விழுந்த துகள் தட்டையாகப் படுத்தால்தான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். படுக்க வேண்டுமானால் கொஞ்சம் ஈரம் வேண்டும். காய்ந்து விழுந்தால் நட்டுக்குத்தலாக நின்று, மினுங்காமல் முரடாக இருக்கும். ஈரம் மிஞ்சினால், கதவு மாதிரிச் செங்குத்தான இடங்களில் துகள்கள் ஊர்வலமாகக் கீழே இறங்கிப் பீடிங் ஓரத்தில் கூட்டம் போடும். நடுவழி எங்கே இருக்கிறது என்று எழுதிக் காட்ட முடியாது. காயலான் கடையில் பழைய பானட் ஒன்று வாங்கி, அதில் அடித்துக் கை பழகிக்கொள்ளுங்கள். நேராக இம்பாலாவில் கை பழகுகிறவர்களால்தான் பெயின்ட் ஸ்ட்ரிப்பர் விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள்.

முதல் தடவையிலேயே முழுக் காரையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கூரையை மட்டும் அடியுங்கள். இது அடக்கத்துக்கு நான் கொடுக்கும் சலுகை இல்லை. கூரை படுத்துக் கிடக்கிறது, துகள் இறங்கி ஓட வழியில்லை. வெயிலும் அங்கேதான் முழுசாக விழுகிறது. உடம்பு ஒரே நிறத்தில் இருக்க, கூரை மட்டும் 0.015 தங்கத்தில் கொதிக்கும் பழைய கார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பரப்பைக் குறைத்தாலும் ஆரவாரத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்று. கோடு வேலை செய்ய விரும்பினால் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நிறம் மாற்றி அடித்து, உரியுங்கள். பழைய லேஸ் துணியை விரித்து அதன் ஓட்டைகள் வழியாக அடித்து, துணியை எடுத்தால் கூரை முழுக்கப் பூவேலை கிடைக்கும். எந்தத் துணி என்பதை வீட்டில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுக்கவும். மேஜை விரிப்பு அம்மா வீட்டுச் சீதனமாக இருக்கலாம்.

படி நான்கு: கிளியர், கிளியர், கிளியர்

ஃப்ளேக் காய்ந்ததும் கையை வைத்துப் பார்த்தால் புதிதாகக் கொத்தின அம்மி மாதிரி இருக்கும். அந்தச் சொரசொரப்பு முழுவதையும் மூழ்கடித்து, மேலே குளத்துத் தண்ணீர் நிற்பதுபோல் ஆக்குவதுதான் இனி உங்கள் வாழ்க்கை.

உடனே உப்புத்தாளை எடுத்துச் சமன்படுத்தத் தோன்றும். எடுக்காதீர்கள். ஃப்ளேக்கின் நிறமும் அலுமினியமும் அதன் மேல்தோலில்தான் இருக்கின்றன. நுனி ஒன்றைத் தேய்த்தால் சாயம் போய் வெள்ளிப் புள்ளி பளிச்சிடும். இன்னும் தேய்த்தால் அலுமினியமும் போய் வெறும் பிளாஸ்டிக். தங்கக் கூரையில் வெள்ளைப் பேன் விழுந்த மாதிரி ஆகிவிடும், பிறகு அந்த இடத்தில் மறுபடி ஃப்ளேக்.

முதலில் இரண்டு மூன்று கோட் கிளியர். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே டப்பாவில் எழுதியிருக்கும் இடைவேளையை மதியுங்கள். அவசரப்பட்டு மூடினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு, பிறகு ஊசி முனைக் கொப்புளங்களாகக் கிளம்பும். நன்றாகக் காயவிட்டு, 600ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தண்ணீர் ஊற்றித் தேயுங்கள். கிளியரை மட்டும் தேய்க்க வேண்டும். பள்ளங்கள் இன்னும் பளபளக்கும், அதாவது மூடவில்லை. மறுபடி கிளியர், மறுபடி காய்ச்சல், மறுபடி தேய்ப்பு. பரப்பு முழுவதும் ஒரே மங்கலாக, பளபளக்கும் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் ஆனால் சமனாகிவிட்டது என்று அர்த்தம். கேண்டி போடுகிறவர்கள் இங்கே போடலாம். பிறகு கடைசிக் கிளியர். பிறகு 1500, 2000 என்று நைசான தாள்கள், மெஷின் பாலிஷ்.

முதல் சுற்றிலேயே கனமாக ஊற்றிவிட்டால் இவ்வளவு வேலை மிச்சமாகுமே என்று புத்திசாலிகள் சிலர் கேட்பார்கள். ஆகும். சில வருஷம் கழித்து, உச்சி வெயிலில் நின்று இரவுக் குளிரில் சுருங்கிச் சுருங்கி, அந்தக் கனம் வெடிக்கும்போது அவர்கள் இன்னும் புத்திசாலி ஆவார்கள். அந்தக் காலத்து லாக்கர் பெயின்ட் அப்படித்தான் வெடித்தது.

வீட்டுக்குள் என்ன ஆகும்

இந்தப் பகுதியை மற்ற வழிகாட்டிகள் எழுதுவதில்லை. கன்னிலிருந்து கிளம்பும் ஃப்ளேக்கில் ஒரு பங்கு காரில் படியும். மிச்சம் தரைக்கும் சுவருக்கும் உங்கள் காதுக்கும் போகும். தரையைத் தண்ணீர் விட்டு நனைத்து வைத்தால் தூசி எழாது. காதுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. கவச உடையைப் பூத்திலேயே கழற்றிவிட்டு வாருங்கள். சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஒரு வாரத்தில் தலையணையில் தங்கம், அடுத்த வாரம் சாம்பாரில் தங்கம். ஆறு மாதம் கழித்து ஏதோ ஆபீஸ் மீட்டிங்கில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டப்பாவை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் மின்விசிறிக்குக் கீழே திறக்காதீர்கள்.

எங்கே, எப்போது காட்டுவது

ஃப்ளேக் என்பது ஆயிரமாயிரம் குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஒரு நூலிழை சாய்வு மாறிக் கிடக்கின்றன. சூரியனோ தெருவிளக்கோ ஒரே புள்ளியிலிருந்து அடிக்கும்போது சில கண்ணாடிகள் மட்டும் உங்கள் கண்ணுக்கு நேராக வரும். நீங்கள் ஓரடி நகர்ந்தால் அவை அணைந்து வேறு சில பற்றிக்கொள்ளும். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வந்தால் இந்த விளையாட்டு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில் மே, ஜூன் மாதக் காலைகளில் கடலிலிருந்து மூட்டம் வந்து கவியும். அந்த நேரத்தில் காரைக் காட்டினால் பார்க்க வந்தவர் "நல்ல பழுப்பு நிறம்" என்பார். மதியம் வரை மூடி வையுங்கள்.

கார் நகர வேண்டும் என்பதும் அதனால்தான். அதுவும் மெதுவாக. எழுபது மைல் வேகத்தில் போகும் ஃப்ளேக்கை யாரும் பார்த்ததில்லை. காரைத் தரையோடு தாழ்த்தி, மனிதர் நடக்கும் வேகத்தில் விட்டியர் புலவார்டில் உருட்டிக்கொண்டு போவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக அமெரிக்கர்கள். அவர்களுடைய லோரைடருக்கும் இந்தப் பெயின்டுக்கும் ஒன்று இல்லாமல் மற்றொன்று முழுமை இல்லை. அரசாங்கத்துக்குத்தான் அது ரசிக்கவில்லை. சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று ஐம்பதுகளின் இறுதியில் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. உடனே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பு பொருத்தினார். போலீஸ் தெரிந்தால் ஏற்றிக்கொள்ளலாம், போனதும் இறக்கிக்கொள்ளலாம். எழுபதுகளின் இறுதியில் விட்டியர் புலவார்டையே ஷெரிஃப் ஆட்கள் வார இறுதி இரவுகளில் அடைத்தார்கள். ஒரே சாலையில் திரும்பத் திரும்ப உலா வருவதை உள்ளூர் நிர்வாகங்கள் தடைசெய்யவும் பிறகு சட்டம் வழிவிட்டது.

அதே எழுபதுகளில்தான், 1974இல் தொடங்கிய 'சிக்கோ அண்ட் த மேன்' தொலைக்காட்சித் தொடரின் தலைப்புக் காட்சியில் ஜெஸ்ஸி வலதேஸின் ஜிப்ஸி ரோஸ் என்ற லோரைடர் உருண்டு போனது. அதுவும் 1964 இம்பாலாதான். இளஞ்சிவப்பு உடம்பு முழுக்கக் கையால் வரைந்த ரோஜாக்கள். தெருவில் போனால் நிறுத்துவார்கள், டிவியில் போனால் நாடே பார்க்கும். 2017இல் அதே காரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வாஷிங்டனில் நேஷனல் மாலில் காட்சிக்கு நிறுத்தினார்கள். தாழ்த்திய கார்களுக்கும் உலா வருவதற்கும் இருந்த தடைகள் ஏபி 436 என்ற சட்டத்தால் 2024 ஜனவரி 1ஆம் தேதிதான் நீங்கின. ஆகவே தாராளமாகப் போகலாம்.

கடைசியாக, நடைமுறை விஷயங்கள் இரண்டு. எந்தக் கம்பெனி ஃப்ளேக், எந்த அளவு, எந்த அடிநிறம், எத்தனை கோட் என்று ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டுக்குள் வையுங்கள். ஃப்ளேக் பெயின்டில் ஒரு கீறலை மட்டும் ஒட்டுப்போட்டு மறைக்க முடியாது. அந்தத் துகள்களின் அடர்த்தியை மறுபடி அதே மாதிரிப் பிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். விழுந்தால் முழுப் பேனலும் அடிக்க வேண்டும், பல சமயம் பக்கத்துப் பேனலும். அதனால் இரண்டாவது விஷயம், கார் வைத்திருப்பவர்களுக்கு இல்லை, பார்க்க வருகிற மற்றவர்களுக்கு: ஃப்ளேக் அடித்த காரைப் பார்த்தால் யாருக்கும் விரலால் தடவத் தோன்றும், சாய்ந்து நின்று போட்டோ எடுக்கத் தோன்றும். பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பட்டனும் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். தொடாதீர்கள்.